500-ல் ஒரு பங்கு: டிஜிஎன்1412 மருந்தாய்வு, ஒரு நிகழ்வு ஆய்வு

2006 மார்ச் 13, திங்கட்கிழமை காலை 8 மணி. வடமேற்கு லண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் பாரெக்செல் நிறுவனம் நடத்திவந்த மருந்தாய்வுப் பிரிவில் எட்டு இளைஞர்கள் தயாராக இருந்தார்கள். யாருக்கும் எந்த நோயும் கிடையாது. பங்கேற்பதற்கு ஆளுக்கு 2,000 பவுண்டு. அன்றுவரை எந்த மனித உடலுக்குள்ளும் போயிராத டிஜிஎன்1412 என்ற எதிர்ப்பொருள் (குறிப்பிட்ட ஓர் இலக்கைப் பிடிக்கும் நோயெதிர்ப்புப் புரதம்) அவர்களில் ஆறு பேருக்கு நரம்பு வழியாக ஏற்றப்பட்டது. மற்ற இருவருக்குப் போலி மருந்து. அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். ஒருவருக்கு ஏற்றி முடிக்கச் சில நிமிடங்கள்தான். ஏறத்தாழ பத்து நிமிட இடைவெளியில் அடுத்தவர் கட்டிலுக்குப் போனார்கள்.

மருந்து ஏறி ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆறு பேருக்கும் தொல்லை தொடங்கிவிட்டது. முதலில் தலைவலி, இடுப்பிலும் முதுகிலும் தசைவலி, குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு. பிறகு நடுக்கத்தோடு காய்ச்சல், தோல் சிவந்துபோதல், இதயத் துடிப்பு எகிறுதல், இரத்த அழுத்தம் சரிதல். போலி மருந்து பெற்ற இருவரும் பக்கத்துக் கட்டில்களிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எது யாருக்கு என்பது மறைத்து வைக்கப்பட்ட ஆய்வு அது. ஆனால் அன்று மதியத்துக்குள் அந்த மறைப்புக்கு அர்த்தமில்லாமல் போயிருக்கும்.

12 முதல் 16 மணி நேரத்துக்குள் ஆறு பேரின் நிலையும் கவலைக்கிடமானது. நுரையீரலில் நீர்க்கோப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, இரத்த நாளங்களுக்குள் பரவலான உறைவு. எல்லோரும் அதே வளாகத்தில் இருந்த பொது மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டார்கள். அந்தப் பிரிவு எட்டும் தூரத்தில் இருந்தது அவர்கள் செய்த அதிர்ஷ்டம்.

மருந்தும் அதன் மறுகரையும்

நோயெதிர்ப்பு வேலையைச் செய்யும் வெள்ளணுவான டி செல் ஒன்று கிளர்ந்தெழ இரண்டு சைகைகள் வேண்டும். வங்கி லாக்கரைத் திறக்க வாடிக்கையாளரின் சாவியும் வங்கியின் சாவியும் சேர்ந்து வேண்டியிருப்பதைப் போலத்தான். அன்னியப் புரதத் துண்டை அடையாளம் காணும் டி செல் ஏற்பி (சைகையை வாங்கும் மேற்பரப்புப் புரதம்) முதல் சாவி. இரண்டாவது, செல்லின் மேற்பரப்பில் இருக்கும் சிடி28 என்ற ஏற்பி. நோய்க்கிருமியைக் கண்டு எச்சரிக்கையடைந்த வேறொரு செல், சிடி80, சிடி86 என்ற மூலக்கூறுகளை நீட்டினால்தான் சிடி28 தூண்டப்படும். சும்மா இருக்கும் டி செல் சும்மாவே இருக்க வேண்டும் என்பதற்காக உடல் வைத்திருக்கும் கட்டுப்பாடு இது.

ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தோமாஸ் ஹ்யூனிக்கின் குழு 1990-களில் எலிகளில் ஒரு விசித்திரத்தைக் கண்டது. சிடி28-ஐப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களில் பெரும்பாலானவை முதல் சைகை இருந்தால் மட்டுமே வேலை செய்தன. ஒரு சிலவோ முதல் சைகையே இல்லாமல், இரண்டாம் சாவி ஒன்றாலேயே டி செல்லைத் திறந்துவிட்டன. இவற்றை மீத்தூண்டிகள் என்று சொல்லலாம். வேறுபாடு, எதிர்ப்பொருள் ஏற்பியில் போய் ஒட்டும் இடத்தில் இருந்தது. சாதாரண எதிர்ப்பொருள்கள் சிடி80-உம் சிடி86-உம் ஒட்டும் உச்சிப் பகுதிக்கு அருகே பிடிக்கின்றன. மீத்தூண்டிகள் ஏற்பியின் பக்கவாட்டில், செல்லின் மேற்பரப்புக்கு நெருக்கமான ஒரு வளையத்தைப் பிடிக்கின்றன.

எலிக்கு இதைக் கொடுத்தபோது டி செல்கள் பெருகின, ஆனால் எலி நோய்ப்படவில்லை. அதைவிட ஆர்வமூட்டியது, மற்ற டி செல்களை அடக்கிவைக்கும் ஒழுங்காற்று டி செல்கள் குறிப்பாகப் பெருகியது. தன்னுடல் தாக்கு நோய்களை எலிகளில் உருவாக்கிப் பார்த்தபோது இந்த எதிர்ப்பொருள் அவற்றைத் தணித்தது. முடக்குவாதத்துக்கும், பி செல்களில் வரும் ஒருவகை நாள்பட்ட இரத்தப் புற்றுநோய்க்கும் மருந்தாக்கலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் பிறந்தது. மனித சிடி28-ஐப் பிடிக்கும் 5.11ஏ1 என்ற சுண்டெலி எதிர்ப்பொருளை எடுத்து, அதன் பிடிக்கும் நுனிகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை மனிதச் சட்டத்துக்கு மாற்றியதுதான் டிஜிஎன்1412. உரிமையாளர், வூர்ட்ஸ்பர்க்கில் இருந்த டெஜெனெரோ என்ற சிறு நிறுவனம். தயாரித்துக் கொடுத்தது போரிங்கர் இங்கல்ஹைம்.

சட்டத்துக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது, மனித எதிர்ப்பொருள் வகைகளில் ஒன்றான ஐஜிஜி4. எதிர்ப்பொருளின் வால் மற்ற நோயெதிர்ப்புச் செல்களின் எஃப்சி ஏற்பிகளில் சிக்கினால் தேவையற்ற அழற்சி வரும், ஐஜிஜி4-ன் வால் அவ்வளவாகச் சிக்காது என்பது கணக்கு. இதைப் பிறகு பார்ப்போம்.

பாதுகாப்பானது என்று எப்படி நம்பினார்கள்

சைனோமோல்கஸ் குரங்குகளுக்குக் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம், வாரம் ஒரு முறையாக நான்கு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். குரங்குகள் தாங்கிக்கொண்டன. நிணக்கணுக்கள் சற்று வீங்கின, நோயெதிர்ப்புச் செல்கள் வெளியிடும் சைகைப் புரதங்களான சைட்டோகைன்கள் சில கொஞ்சம் ஏறி இறங்கின, அவ்வளவுதான். மனித இரத்தச் செல்களைக் குழாயில் எடுத்து மருந்தைக் கலந்து பார்த்த சோதனையிலும் கலவரம் எதுவும் இல்லை. குரங்கின் சிடி28-ல் மருந்து பிடிக்கும் பகுதி மனிதனுடையதைப் போலவே இருந்ததால், குரங்குதான் சரியான மாதிரி என்ற முடிவும் நியாயமாகவே தோன்றியது.

பிறகு வழக்கமான கணக்கு. குரங்கு தாங்கிய 50 மில்லிகிராமை உடற்பரப்பின் அடிப்படையில் மனிதனுக்கு மாற்றினால் கிலோவுக்குச் சுமார் 16 மில்லிகிராம். வழிகாட்டுதல்கள் கேட்பது குறைந்தது பத்து மடங்கு பாதுகாப்பு இடைவெளி. நிறுவனம் 160 மடங்கு கொடுத்தது. அப்படி வந்ததுதான் 0.1. குரங்குக்குக் கொடுத்ததில் நேரடியாகப் பார்த்தால் 500-ல் ஒரு பங்கு. அடுத்தடுத்த குழுக்களுக்கு 0.5, 2, 5 மில்லிகிராம் என்று ஏற்றிக்கொண்டே போவது திட்டம். காகிதத்தில் குறையில்லை. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு முகமையும் அனுமதி வழங்கியது.

தீவிர சிகிச்சைப் பிரிவில்

அந்த ஆறு பேரின் இரத்தத்தில் நடந்தவை முழுமையாகப் பதிவாகியிருக்கின்றன. சிகிச்சையளித்த மருத்துவர்கள் அதே ஆண்டு செப்டம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்ட அறிக்கை, நோயெதிர்ப்பியல் படிப்பவர்கள் ஒரு தடவையாவது முழுக்க வாசிக்க வேண்டிய ஒன்று. வேறு நோய், கிருமித் தொற்று, நுண்ணுயிர் நஞ்சு எதுவும் இல்லாமல், ஒரே நேரத்தில், ஒரே காரணத்தால் ஆரோக்கியமான ஆறு உடல்களில் சைட்டோகைன் புயல் மூண்டு அடங்கியதை மணிக்கணக்கில் பின்தொடர்ந்த பதிவு வேறெங்கும் இல்லை. யாரும் வேண்டுமென்று செய்திருக்க முடியாத பரிசோதனை அது.

முதலில் உயர்ந்தது டிஎன்எஃப் ஆல்ஃபா என்ற சைட்டோகைன். அதைத் தொடர்ந்து இன்டர்ஃபெரான் காமா, இன்டர்லூக்கின்கள் 2, 4, 6, 8, 10 எல்லாம் சேர்ந்து ஏறின. அழற்சியைத் தூண்டுபவையும் தணிப்பவையும் ஒருங்கே. அதே வேளையில் இரத்தத்தில் லிம்போசைட்டு, மோனோசைட்டு வகை வெள்ளணுக்கள் ஒரு நாளுக்குள் கிட்டத்தட்டத் துடைத்தெடுத்தாற்போல் காணாமல் போயின. கிளர்ந்தெழுந்த செல்கள் இரத்தத்தை விட்டுத் திசுக்களுக்குள் புகுந்தன என்பதுதான் பொருத்தமான விளக்கம். எலியில் கண்ட டி செல் பெருக்கத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்களுக்கு இது நேர்த் தலைகீழ்.

சிகிச்சையைக் கிடைத்த அறிவைக் கொண்டு அங்கேயே தீர்மானிக்க வேண்டியிருந்தது. அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டான மீத்தைல்பிரெட்னிசலோன் அதிக அளவில் கொடுத்தார்கள். இன்டர்லூக்கின்-2 ஏற்பியைத் தடுக்கும் டக்ளிசுமாப் என்ற இன்னொரு எதிர்ப்பொருளையும் ஏற்றினார்கள். ஓர் எதிர்ப்பொருள் மூட்டிய தீயை இன்னோர் எதிர்ப்பொருளைக் கொண்டு அணைக்கும் முடிவை அந்த இரவில் எடுக்க நெஞ்சுரம் வேண்டும். இரத்தச் சுத்திகரிப்பும் சுவாச உதவியும் தொடர்ந்தன. நான்கு பேர் ஓரளவு விரைவாகத் தேறினார்கள். மற்ற இருவருக்கு இரத்த ஓட்ட அதிர்ச்சியும் கடும் சுவாசச் செயலிழப்பும் நீடித்தன. ஒருவருக்கு 8 நாள், இன்னொருவருக்கு 16 நாள் உறுப்புகளைத் தாங்கிப் பிடிக்கும் சிகிச்சை தேவைப்பட்டது. ஒருவர் கால்விரல்களையும் கைவிரல் நுனிகளையும் இழந்தார். ஆறு பேரும் உயிர் பிழைத்தார்கள்.

இன்றைக்கு இதே நிலையில் ஒருவர் வந்தால் இன்டர்லூக்கின்-6 ஏற்பியைத் தடுக்கும் டோசிலிசுமாப்தான் மருத்துவரின் நினைவுக்கு முதலில் வரும். டி செல்களை மாற்றியமைத்துப் புற்றுநோய்க்கு எதிராக ஏவும் கார்-டி செல் சிகிச்சையில் வரும் சைட்டோகைன் வெளியேற்ற நோய்க்குறிக்கு அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது 2017-ல். லண்டன் மருத்துவர்களுக்கு அந்த வழித்தடம் இல்லை.

விசாரணை

முதலில் எழுந்த சந்தேகங்கள் எளிமையானவை. மருந்துப் புட்டியில் மாசு கலந்ததா? நீர்த்தபோது அளவு தவறியதா? வேறு எதையாவது ஏற்றிவிட்டார்களா? கட்டுப்பாட்டு முகமை தொகுப்பைச் சோதித்தது, பதிவேடுகளைப் புரட்டியது. ஏப்ரலில் இடைக்கால அறிக்கை, மே மாதம் இறுதி அறிக்கை. பதிவேட்டுக் குறைபாடுகள் சில தென்பட்டாலும் அவை இந்த விளைவுக்குக் காரணமல்ல என்றும், தயாரிப்பிலோ அளவிலோ பிழையில்லை என்றும், மனித உடலில் மருந்து காட்டிய எதிர்பாராத உயிரியல் விளைவுதான் காரணம் என்றும் முடிவு வந்தது.

சரியான மருந்து, சரியான அளவு, எல்லாம் திட்டப்படி. அப்படியானால் திட்டம்தான் பிழை. இந்த முடிவு நிம்மதி தருவதற்குப் பதில் கலக்கத்தைத்தான் தந்திருக்க வேண்டும்.

குழாயும் குரங்கும் ஏன் பேசவில்லை

விடை துண்டுதுண்டாகத்தான் கிடைத்தது, கிடைத்து முடியப் பத்தாண்டு ஆனது.

முதல் துண்டு 2007-ல். உயிரியல் மருந்துகளைத் தரநிர்ணயம் செய்யும் பிரிட்டிஷ் தேசிய ஆய்வகத்தில், மருந்தைக் கரைசலாகக் கலக்காமல் பிளாஸ்டிக் குழிகளின் அடியில் உலரவைத்து, அதன் மேல் மனித இரத்தச் செல்களை விட்டார்கள். செல்கள் உடனே சைட்டோகைன்களைக் கொட்டின. இரத்த நாளச் சுவரின் செல்களோடு சேர்த்து வளர்த்தபோதும் அப்படித்தான். ஆக, இந்த எதிர்ப்பொருள் எதிலாவது ஊன்றி நிற்கும்போதுதான் ஏற்பிகளை நெருக்கமாகக் கொத்தாகச் சேர்த்து முழுச் சைகையை அனுப்புகிறது. கரைசலில் மிதந்த மருந்து சோதனைக் குழாயில் சாதுவாக இருந்ததன் காரணம் இதுதான்.

உடலுக்குள் அது எதில் ஊன்றியது? ஐஜிஜி4-ன் வால் எஃப்சி ஏற்பிகளில் அதிகம் சிக்காது என்ற கணக்கு இங்கேதான் பிசகுகிறது. எஃப்சி காமா 2பி என்ற ஏற்பி, வழக்கமாகத் தூண்டுதலை அடக்கும் வேலையைச் செய்வது, டிஜிஎன்1412-ன் வாலைப் பிடித்துக்கொண்டு அதற்கு ஊன்றுகோலாக இருந்தது என்று 2015-ல் வெளியான ஆய்வு காட்டியது. வாலைப் பாதுகாப்பானதாகத் தேர்ந்தெடுத்தார்கள், அந்த வாலே பிடியாகிவிட்டது.

வூர்ட்ஸ்பர்க் குழு 2011-ல் இன்னொரு துண்டைச் சேர்த்தது. உடலின் டி செல்களில் மிகச் சிறு பகுதியே எந்நேரமும் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, மீதி நிணக்கணுக்களிலும் திசுக்களிலும் நெருக்கமாக உட்கார்ந்திருக்கிறது. திசுக்களில் பக்கத்துச் செல்களோடு உரசிக்கொண்டிருக்கும்போது டி செல் ஏற்பிக்கு எப்போதும் ஒரு மெல்லிய சைகை வந்தபடி இருக்கும். இரத்தத்துக்கு வந்ததும் அந்த விழிப்பு மங்கிவிடுகிறது. இரத்தத்திலிருந்து எடுத்த செல்களை இரண்டு நாள் அடர்த்தியாக வைத்து வளர்த்த பிறகு மருந்தைச் சேர்த்தால், கரைசலில் இருந்தாலும் அவை பொங்கின. சோதனைக் குழாயில் போட்டது சரியான செல்களைத்தான், ஆனால் தூங்கிக்கொண்டிருந்த செல்களை.

குரங்கின் கதை 2010-ல் தெளிவானது. சைட்டோகைன்களைக் கொட்டியவை மனிதனின் செயல்நிலை நினைவு டி செல்கள், அதாவது முன்பே தொற்றுகளைச் சந்தித்து, திசுக்களுக்குள் ஆயத்தமாகக் காத்திருக்கும் சிடி4 வகைச் செல்கள். சைனோமோல்கஸ் குரங்குகளின் அதே வகைச் செல்களில் சிடி28 ஏற்பியே இல்லை. ஏற்பியின் வரிசை ஒத்துப்போகிறதா என்று பார்த்தவர்கள், அந்த ஏற்பி எந்தச் செல்லின் மேல் இருக்கிறது என்று பார்க்கவில்லை. ஆய்வக எலிகளோ சுத்தமான கூண்டுகளில் தொற்றே அறியாமல் வளர்ந்தவை. அவற்றில் நினைவு டி செல்கள் குறைவு, ஒழுங்காற்று செல்களின் கை ஓங்கியிருந்தது.

குரங்கின் தலையில் கட்டிய பழி

இந்த நிகழ்வைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘குரங்கு ஏமாற்றிவிட்டது’ என்ற வரி தவறாமல் வந்துவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நினைவு டி செல்களின் வேறுபாட்டை 2006-ல் யாரும் அறிந்திருக்கவில்லை, உண்மை. அதற்காக யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அன்றே கையில் இருந்த இரண்டு விஷயங்களுக்குக் குரங்கே தேவையில்லை.

ஒன்று, ஏற்பிக் கணக்கு. 70 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோவுக்கு 0.1 என்றால் மொத்தம் 7 மில்லிகிராம். பிளாஸ்மா ஏறக்குறைய 2.5 முதல் 3 லிட்டர். லிட்டருக்குச் சுமார் 2.5 மில்லிகிராம் வருகிறது. எதிர்ப்பொருளின் மூலக்கூறு எடை 1,50,000 என்று வைத்தால் இது 17 நானோமோலார் (மூலக்கூறு எண்ணிக்கையில் செறிவைச் சொல்லும் அலகு) அளவு. சிடி28-ஐ இந்த எதிர்ப்பொருள் பிடிக்கும் வலிமை 2 நானோமோலாரை ஒட்டியது. அதாவது 2 நானோமோலார் செறிவில் பாதி ஏற்பிகள் நிரம்பும். 17-ஐ 19-ஆல் (17-உடன் அந்த 2-ஐக் கூட்டியது) வகுத்தால் ஏறத்தாழ 90 விழுக்காடு. திசுக்களுக்குள் பரவுவதையும் ஏற்பிகளின் எண்ணிக்கையையும் கணக்கில் கொள்ளாத முரட்டுக் கணக்குதான். ஆனாலும் அது சொல்வது தெளிவு. ‘500-ல் ஒரு பங்கு’ என்ற முதல் அளவே எட்டிய டி செல்களின் சிடி28 ஏற்பிகளில் பத்தில் ஒன்பதை நிரப்பிவிடும். அடுத்து ஏற்றவிருந்த 0.5, 2, 5 எல்லாம் ஏற்கெனவே நிரம்பிய பாத்திரத்தில் ஊற்றுபவை.

டி செல்லை ஒற்றைச் சாவியால் திறக்க வல்லது என்பதே இந்த மருந்தின் பெருமை. அப்படிப்பட்ட மருந்தில், விலங்கு எவ்வளவு தாங்கியது என்பதிலிருந்து கீழே இறங்கி வருவதைவிட, எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் செல் அசையத் தொடங்கும் என்பதிலிருந்து மேலே ஏறுவதுதான் முறை. பத்தில் ஒரு பங்கு ஏற்பி நிரம்பினால் போதும் என்று மேற்படி கணக்கைத் திருப்பிப் போட்டால், கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல் வருகிறது. அன்று கொடுத்ததில் எழுபது, எண்பதில் ஒரு பங்கு. மேலும், டி செல்லின் சிடி3-ஐப் பிடிக்கும் ஓகேடி3 என்ற மருந்து, மாற்று உறுப்பு நிராகரிப்புக்காக 1980-களிலிருந்தே பயன்பாட்டில் இருந்தது. அதன் முதல் ஊசியில் சைட்டோகைன் வெளியேற்றம் வரும் என்பது பாடப்புத்தகச் செய்தி.

இரண்டு, அந்தப் பத்து நிமிடம். இதற்கு உயிரியல் அறிவே வேண்டாம். உலகில் முதல் முறையாக ஒரு மனிதனுக்குப் போகும் மருந்தை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, அவருக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பதற்குள் அடுத்தவருக்குக் கொடுக்க என்ன அவசரம்? அறிகுறிகள் முகம் காட்ட ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் பிடித்தது. பத்து நிமிட இடைவெளியில் எட்டு பேருக்கும் ஏற்றி முடிக்கவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும். அன்று காலை ஒருவருக்கு மட்டும் ஏற்றி மாலைவரை காத்திருந்தால், ஒருவர் மட்டும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போயிருப்பார், ஐந்து பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். இத்தனைக்கும் குரங்கு தப்பாகவே சொல்லியிருக்கட்டும், கணக்கும் தப்பாகவே இருக்கட்டும், இந்த ஒரு தடுப்பு மட்டும் நின்று காப்பாற்றியிருக்கும்.

பின்விளைவுகள்

பிரிட்டிஷ் அரசு பேராசிரியர் கார்டன் டஃப் தலைமையில் வல்லுநர் குழு அமைத்தது. 2006 டிசம்பரில் வந்த இறுதி அறிக்கையில் 22 பரிந்துரைகள். தொடக்க அளவைத் தீர்மானிக்க விலங்கின் தாங்குதிறனை மட்டும் நம்பாமல், மிகக் குறைந்த உயிரியல் விளைவு எதிர்பார்க்கப்படும் அளவையும் கணக்கிட வேண்டும், முதல் குழுவில் ஒவ்வொருவராக, போதிய இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை. 2007-ல் ஐரோப்பிய மருந்து முகமை வெளியிட்ட வழிகாட்டுதல் இதே திசையில் போனது. எதிர்ப்பொருளை ஊன்றி வைத்து மனிதச் செல்களோடு செய்யும் சைட்டோகைன் வெளியேற்றச் சோதனை, நோயெதிர்ப்புச் செல்களைத் தொடும் மருந்துகளுக்கு இன்று வாடிக்கையாகிவிட்டது. டெஜெனெரோ 2006 ஜூலையிலேயே திவால் மனு கொடுத்தது.

எதிர்ப்பொருள் மட்டும் சாகவில்லை. தெராமாப் என்ற நிறுவனம் டாப்08 என்ற புதுப் பெயரில் அதை ரஷ்யாவில் மீண்டும் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. இம்முறை தொடக்க அளவு கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம், அதாவது லண்டனில் கொடுத்ததில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அங்கிருந்து மெதுவாக 7 மைக்ரோகிராம் வரை ஏற்றினார்கள். அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்கள் எழவில்லை. அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூக்கின்-10 மட்டும் உயர்ந்தது. ஒழுங்காற்று டி செல்கள் மற்றவற்றைவிடக் குறைந்த தூண்டுதலுக்கே அசைகின்றன என்பதற்கு அது அடையாளம். எலிகளில் ஹ்யூனிக் குழு கண்ட விளைவு மனிதனிலும் இருக்கத்தான் செய்தது. 2014-ல் அந்த முடிவுகள் வெளியாயின. அதற்குள் மருந்து முடக்குவாத நோயாளிகளுக்கான ஆய்வுகளுக்குப் போயிருந்தது.